மொய் நோட்டும் மோட்டார் நோட்டும்

என் கடை மேசை டிராயரில் இரண்டு நோட்டுகள் கிடக்கின்றன. ஒன்று 2012 ஆடியில் நான் வைத்த மொய் விருந்தின் நோட்டு. நீளவாக்கு நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் மேல் அம்மா தடவிய மஞ்சள். இன்னொன்று மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டும் கணக்கு எழுதிய ஒரு நோட்டின் ஜெராக்ஸ், ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தது. முதல் நோட்டால்தான் எனக்குக் கடை வந்தது. இரண்டாவது நோட்டால்தான் அந்தக் கடை இன்னும் நிற்கிறது. இரண்டாவது நோட்டுக்குச் சொந்தக்காரரிடம் முதல் நோட்டு மாதிரி ஒன்று இல்லை. அதனால் அவர் பட்ட பாட்டையும் அதில் என் பங்கையும் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் மொய் விருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் சுற்று வட்டாரத்திலும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும் ஆடி பிறந்தால் மொய் விருந்து தொடங்கிவிடும். கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைத்து ஊரைக் கூப்பிடுவது. ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைக்கும். செலவு தாங்காது என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. சாப்பாடு பொது. மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கொன்று.

கணக்கு இப்படிப் போகும். நீங்கள் என் விருந்துக்கு ஆயிரம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விருந்து வரும்போது நான் இரண்டாயிரம் எழுதுவேன். அதில் ஆயிரம் பழசு, ஆயிரம் புதுநடை. இப்போது நீங்கள் எனக்கு ஆயிரம் பாக்கி. அடுத்த என் விருந்தில் அந்த ஆயிரத்தோடு உங்கள் பங்குக்கும் கொஞ்சம் கூட்டி எழுதுவீர்கள். வாங்கிய ஆயிரத்தை மட்டும் அப்படியே திருப்பி எழுதிவிட்டுப் போனால், நம் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டாம், நோட்டே சொல்லிவிடும். ஒன்றுமே எழுதாமல் விட்டவன் பெயர் டீக்கடையில் அடிபடும். அவன் வீட்டுப் பெண் கேட்டுப் போகும் இடத்திலும் அடிபடும்.

2012-ல் பன்னிரண்டு பேர் சேர்ந்து வைத்த விருந்தில் என் மேசை ஏழாவது. எழுத ஒருவர், பணம் எண்ண ஒருவர், அருகில் ஒரு சில்வர் அண்டா. காலை பத்தரைக்கே கூட்டம் வந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒவ்வொருவரும் தனக்கு முறை உள்ள மேசையைத் தேடிப் போவார்கள். எழுதுகிறவர் முதலில் ஊரைக் கேட்பார், பிறகு பெயர், பிறகு தொகை. ஊர்தான் முதல். எங்கள் பக்கம் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஊரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று பிடிபடும். மாலை ஐந்து மணிக்கு மேசையைக் கட்டியபோது 614 பெயர்கள், 8,72,000 ரூபாய். அதில் 5,10,000 அப்பா இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய் எழுதி வைத்தது திரும்பி வந்தது. மீதி 3,62,000 புதுநடை. என் பங்குச் செலவு 65,000 போனது.

அப்பா தனக்கென்று விருந்தே வைத்ததில்லை. "ஒனக்கு ஒரு தொழில்னு வரும்ல, அப்ப வாங்கிக்கலாம்" என்பார். அம்மா மல்லிகை பறித்துக் கமிஷன் கடையில் போட்டு வந்த காசில்தான் பாதி மொய் போனது. நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அப்பா பெயர்தான் இருக்கும். அம்மா பெயர் ஒரு இடத்திலும் கிடையாது.

அந்தப் பணத்தில் கடைக்கு அட்வான்ஸ் ஒரு லட்சம் கொடுத்தேன். காப்பர் கம்பி, போர் (ஆழ்துளைக் கிணறு) கேபிள் எல்லாம் இரண்டரை லட்சம். மோட்டார் ஏற்றி இறக்கப் பழைய வண்டி ஒன்று 2,80,000. மீதியில் சாமான்களும் நாலைந்து பம்பும் வாங்கினேன். புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மூன்று வருஷம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் ஒரு ரீவைண்டிங் கடையில் கையாளாக இருந்தவன் நான். வேலை தெரியும், ஆனால் பிரமாதமாகத் தெரியாது. இருபத்தொன்பது வயதில் வட்டியில்லாமல், பத்திரம் அடமானம் வைக்காமல், எட்டு லட்சம் என் கையில் இருந்தது. 614 பேரில் ஒருத்தரும் "நீ காயில் ஒழுங்கா கட்டுவியா" என்று கேட்கவில்லை. இன்னார் மகன் என்பது போதுமாக இருந்தது. அன்றைக்கு அது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. தண்ணீர், காற்று மாதிரி எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

கடை திறந்த பிறகு தெரிந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொய் நோட்டில் இருந்த 614 பேரில் ஒருவருக்கும் திருச்சியில் காப்பர் கம்பி மொத்த வியாபாரியைத் தெரியாது. எல்லோரும் சொந்தம், எல்லோரும் அக்கம்பக்கத்து ஊர், எல்லோருக்கும் தெரிந்தவர்கள் எல்லோரும் அதே ஆட்கள். கம்பியைச் சில்லறையில் வாங்கினால் ஒரு மோட்டாருக்கு நிற்கிற கூலியில் கால்வாசி போய்விடும். கடைசியில் ஐ.டி.ஐ.யில் என் கூடப் படித்து, வருஷத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிற ஒருவன்தான் கை கொடுத்தான். அவன் தாய்மாமன் ஒரு டீலர் கடையில் கணக்கெழுதினார். "நம்ம பையந்தாங்க" என்று அவர் முதலாளியிடம் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கு முப்பது நாள் கடன் கிடைத்தது. அவரை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மாஸ்டர் வந்தது 2014-ல். துறையூர்ப் பக்கத்து ஆள். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகளில் பதினான்கு வருஷம் இருந்தவர். மனைவிக்கு இந்தப் பக்கம் நர்சரியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனாலும் "அண்ணே" என்பார். நான் "மாஸ்டர்" என்பேன்.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எரிந்த மோட்டார் வந்தால் நான் பழைய காயிலை உளியால் தட்டிப் பிய்த்துப் போட்டுவிட்டு, வழக்கமான கணக்கில் புதுசு கட்டுவேன். அவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒரு காயிலை மட்டும் பதமாக வெட்டியெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணுவார். கம்பியின் கனம், அதாவது கேஜ், பார்ப்பார். காயில் எந்த ஸ்லாட்டில் (பள்ளத்தில்) இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது என்று ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத இரும்புக் கூட்டில், சாக்பீஸால் குறிப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதுவார்: கம்பெனி, எச்.பி., ஸ்லாட், சுற்று, கேஜ், கம்பி எடை, எந்த ஊர், எத்தனை அடி போர். அதற்குப் பிறகுதான் மற்றதைப் பிய்ப்பார். அவர் கட்டிய மோட்டார் திரும்பி வருவது அபூர்வம். அப்படி வந்தால் நோட்டைப் புரட்டி, "அண்ணே, இந்த ஊருல ராத்திரி வோல்டேஜ் கம்மியாகுது, மோட்டார் மேல தப்பில்ல" என்பார். விவசாயிகள் கடைக்கு வந்து என்னைக் கேட்பது போய் மாஸ்டரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் இப்போதும் பேச்சு. தென்னை வேரோடு சாய்ந்தது. வடகாட்டுப் பலா மரங்கள், தாத்தா காலத்து மரங்கள், குப்புறக் கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து, உள் கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. குடிதண்ணீருக்கே ஜெனரேட்டர் வைத்து போரை ஓட்டினார்கள். கரண்ட் வந்தபோதும் ஒரு பேஸ் இருக்கும், ஒன்று இருக்காது. மோட்டார்கள் எரிந்து எரிந்து வந்தன. கடை வாசலில் சவத்தை அடுக்கியது மாதிரி அடுக்கியிருந்தோம். மாஸ்டர் தை முடியும் வரை வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் போனார். கூலியை யாரிடம் கேட்பது? பூவும் இல்லை, தேங்காயும் இல்லை. "காசு பொறவு வரும்ணே, தண்ணி இல்லாம கன்னு கருகிரும்" என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் கடையைப் பூட்டும் நேரம், "அண்ணே, ஒரு விஷயம்" என்றார். தனியாகக் கடை போடப்போகிறார். சேந்தன்குடி போகிற ரோட்டில் இடம் பார்த்துவிட்டார். கையில் 60,000 இருக்கிறது. பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இத ஜெராக்ஸ் போட்டுக்கங்க. நான் போனதுக்கப்பறம் நீங்க தடுமாறக் கூடாது." ஐந்து வருஷம் என் கடையில் எண்ணிய எண்ணிக்கையும், கோயம்புத்தூரில் பதினான்கு வருஷம் எண்ணியதும் அதில் இருந்தது. மறுநாள் காலையில் நூற்று எண்பது பக்கமும் ஜெராக்ஸ் போட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கடையைத் திறந்தார். வேலையும் வந்தது. கம்பி வாங்கத்தான் பணம் இல்லை. அவருக்குக் கடன் கொடுக்க இங்கே ஆள் இல்லை. ரொக்கத்துக்குச் சில்லறையில் வாங்கினார். அதனால் விவசாயியிடம் முன்பணம் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் விவசாயி "பூப் பணம் வரட்டும்" என்பார், "தேங்கா வெட்டுனதும்" என்பார். முன்பணம் கேட்கும் கடைக்கு எவ்வளவு நல்ல வேலைக்காரர் என்றாலும் ஆள் போக மாட்டார்கள். அவரிடம் போக நினைத்தவர்களும் என்னிடமே வந்தார்கள். என் கடையில் புது ஆள் அந்த ஜெராக்ஸ் நோட்டைப் பார்த்துத்தான் கட்டினான்.

அவர் ஒரு வங்கிக்கும் போனார். சிறு தொழிலுக்குக் கடன் தர 2015-லிருந்து முத்ரா திட்டம் இருக்கிறது; 50,000 வரை சிசு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை கிஷோர். அடமானம் வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படையே. ஆனால் உள்ளூரில் தெரிந்தவர் யாரையாவது கூட்டி வாருங்கள் என்று சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம், வாடகை வீடு, வாடகைக் கடை. அவருக்காக யார் வந்து நிற்பார்கள்?

நான் நிற்கவில்லை. அந்த ஆடியில், அதாவது 2019-ல், எனக்கு மூச்சு முட்டியது உண்மை. 2017-ல் இரண்டாவது விருந்து வைத்து வாங்கியிருந்தேன். புயலுக்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் பணம் வேண்டியிருந்ததால், எனக்கு எழுதியவர்கள் வரிசையாக விருந்து வைத்தார்கள். ஒரே நாளில் நான்கு பந்தல் போன நாள்கூட உண்டு. கடைக்கு வரவேண்டிய பாக்கி ஊர் முழுக்க நின்றது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த நேரத்தில் அடுத்த ரோட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் கடை போட்டுக் கஷ்டப்படுகிறார் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

மார்கழியில் மாமனார் வீட்டுத் தோட்டத்து மோட்டார் எரிந்தது. பார்க்கப் போன வழியில் மாஸ்டர் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து, பழைய எரிந்த கம்பியில் நல்லதாக இருந்த துண்டுகளைத் தேர்ந்து நீட்டிக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன வேலைகளுக்கு அது ஆகும் என்றார். போர் மோட்டார் கட்டுவதில் இந்த வட்டாரத்திலேயே அவருக்கு ஈடு இல்லை. அந்தக் கை துண்டுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே, டீ சொல்லவா" என்றார்.

அங்கேயே நின்று திருச்சி டீலருக்குப் போன் போட்டேன். "எங்கிட்ட இருந்த மாஸ்டர் தனியா கடை போட்ருக்காருங்க. அவருக்குச் சரக்கு குடுங்க. முப்பது நாள்ல பணம் வரலைன்னா எம்பேர்ல எழுதிக்கங்க." அவர் இரண்டு கேள்வி கேட்டார். சரி என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அதில் ஒரு ரூபாய் செலவில்லை. அந்த வாரமே கம்பி லாரி சர்வீஸில் வந்து இறங்கியது. இன்றுவரை ஒரு பில்லும் என் பெயருக்கு வரவில்லை. மாமனார்தான் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. "எதிரிக்கு ஏணி போட்டுக் குடுத்துட்டு வந்துருக்காரு மாப்ள" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஏணி மாஸ்டருடையது, நான் எட்டு மாதம் அதை மிதித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அக்கா மகள் பொருளாதாரம் படிக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, "மாமா, இதேதான் திருப்பூர்ல நடந்துருக்கு" என்று ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கைவன் முன்ஷியும், பின்னால் 2019-ல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் சேர்ந்து 2004-ல் வெளியிட்டது. திருப்பூர்ப் பனியன் தொழிலில் உள்ளூர்க் கவுண்டர்களுக்கு நிலத்துப் பணமும் சொந்தபந்தத்துப் பணமும் இருந்ததால் பெரிய முதலோடு தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் சின்ன முதலோடுதான் தொடங்க முடிந்தது. ஆனால் சில வருஷத்தில் வெளியூர்க்காரர்களின் வியாபாரம் வேகமாக வளர்ந்து, உள்ளூர்க்காரர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. கெட்டிக்காரத்தனம் இருந்த இடத்துக்குப் பணம் போகவில்லை, உறவு இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது என்று அவள் விளக்கினாள். திருப்பூரில் அந்த உறவுப் பணம் ஒரு ஊரையே எழுப்பியது என்பதும் நிஜம். வங்கி எட்டிப் பார்க்காத பையன்களைச் சித்தப்பாவும் மச்சானும்தான் முதலாளி ஆக்கினார்கள். என்னையும் அப்படித்தான் ஆக்கினார்கள். அந்த 614 பேருக்கும் நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன்.

ஆனாலும் அவள் போன பிறகு 2012 நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து எண்ணினேன். இதுவரை அப்படி எண்ணியதில்லை. பெண்கள் பெயரில் உள்ளது ஒன்பது, அத்தனை பேரும் கணவனை இழந்தவர்கள். காலனித் தெருவிலிருந்து பதினொன்று. அந்தப் பதினொன்றும் அப்பாவின் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், ஐம்பதும் நூறுமாக எழுதியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் கடை போட நினைத்திருந்தால் எத்தனை பேர் எட்டு லட்சம் எழுதியிருப்போம்? அவர்களும் தங்களுக்குள் விருந்து வைக்கிறார்கள்தான். ஆனால் இருக்கிறவர் வட்டத்தில் அண்டா நிறைகிறது, இல்லாதவர் வட்டத்தில் அரைகூட நிறைவதில்லை. மொய் எழுதுவதற்கே முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

என் மனைவி இருக்கும் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். அதில் கடன் வாங்கி இட்லி மாவுக் கிரைண்டர் போட்ட காலனித் தெரு அக்கா ஒருவர் இப்போது மூன்று கிரைண்டர் வைத்திருக்கிறார். ரீவைண்டிங்குக்கு என் கடைக்குத்தான் வருவார். அந்தக் குழுவில் ஆளைச் சேர்க்கும்போது இவள் யார் மகள் என்பதைவிட, வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வருவாளா என்றுதான் பார்ப்பார்கள் என்று மனைவி சொல்வாள்.

2022 ஆடியில் என் மூன்றாவது விருந்து. கொரோனாவில் தள்ளிப்போன விருந்துகளெல்லாம் நெருக்கியடித்து வந்த வருஷம். மாஸ்டருக்கு முறை எதுவும் கிடையாது. அவர் இன்னும் விருந்து வைத்ததில்லை. நான் அவருக்கு ஒரு ரூபாய் எழுதியதில்லை. பத்திரிகை மட்டும் நேரில் போய்க் கொடுத்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மனைவி, பிள்ளைகளோடு வந்தார். சாப்பிட்டுவிட்டு என் மேசைக்கு வந்து வரிசையில் நின்றார். எழுதிக்கொண்டிருந்தவன் என் சித்தப்பா மகன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"ஊரு?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கடைக்கு வந்த புதிதில் யார் கேட்டாலும் துறையூர் என்பார்.

"கீரமங்கலம்" என்றார்.

பையன் எழுதினான். பிறகு பெயரைக் கேட்டான். பத்தாயிரம், புதுநடை.